தங்கையின் கையெழுத்தில் வந்த கவிதை

லண்டன், 1762 மார்ச் 9

அன்புள்ள ஹெஸ்டர்,

நான் நலம்; இருமல் தணிந்துவிட்டது. காய்ச்சலிலிருந்து மீண்டதாக நீ பாடிய கவிதை நேற்றுக் கிடைத்தது. வழக்கம்போல் காப்பிக் கடையில் உரக்கப் படித்தேன்.

"வக்கீலையா, வீட்டம்மாதான் பொழச்சுட்டாங்களே, இனியாவது மூஞ்சியத் தொங்கப் போட்டுக்காதீங்க" என்றார் புத்தக வியாபாரி கிம்பர். எல்லோரும் உன் நலத்துக்குக் கோப்பை உயர்த்தினார்கள்.

அறைக்குத் திரும்பியபின், ஆவணத்தைப் பரிசீலிப்பதுபோல் மீண்டும் பார்த்தேன். சொற்கள் உன்னுடையவை, கையெழுத்து உன் தங்கை டாபிதாவுடையது. இதுவரை நீ எந்தக் கவிதையையும் பிறர் கையால் எழுதுவித்ததில்லை.

வழக்கு முடியும்வரை நான் வர இயலாது. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. அதனுள் உன் கையால் ஒரு வரி இருக்கட்டும். எழுத இயலாதெனில் ஒரு கீறல் போதும். அதைக் கையொப்பமாகச் சட்டமே ஏற்கும்.

கடிதம் வாங்க வரும் தபால்காரரின் மணி தெருமுனையில் கேட்கிறது.

உன்,
நத்தானியேல்