உன் அறைக்குப் போகும் வயர்

அன்புள்ள சுண்டெலிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், படி ஏறும்போது அப்பாவின் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது, அதைவிட அதிகமாக அவர் முணுமுணுக்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாயா? போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ம் ம் என்பாய், அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன், பதில் முழு வாக்கியத்தில் வர வேண்டும்.

வீட்டில் ஒரு பெரிய கூத்து நடந்து முடிந்திருக்கிறது. கொஞ்ச நாளாக டிவியில் படம் சரியில்லை, செய்தி வாசிக்கிறவர் பாதி முகத்தோடு நிற்பார், அப்புறம் கட்டம் கட்டமாக உடைந்து காணாமல் போவார். அப்பா அவரோடு தினமும் சண்டை போடுவது உனக்குத் தெரியுமே, எதிராளி பாதியில் ஓடிவிட்டால் மனுஷன் மீதிச் சண்டையை யாரோடு போடுவார், என்னோடுதான். கேபிள்காரருக்குப் போன் போட்டால் பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன், இதோ வந்துட்டேன் என்பார், அந்தப் பக்கத்துத் தெரு எந்த ஊரில் இருக்கிறதோ. ஒருவழியாக வந்து பரணில் ஏறிப் பார்த்தார். வாசலிலிருந்து வருகிற வயர் அங்கே ஒரு சின்ன டப்பாவில் இரண்டாகப் பிரிகிறதாம், ஒன்று ஹாலுக்கு, ஒன்று உன் அறைக்கு. உன் அறைக்குப் போகிறதை எலி கடித்துக் குதறியிருக்கிறதாம், அதனால் ஹாலிலும் படம் கெடுகிறதாம். அந்த ரூம்லதான் யாரும் இல்லையே, அந்த லைனை வெட்டி விட்டுட்டா இங்க படம் பளிச்னு வந்துடும் என்று கட்டிங் பிளேயரையும் கையில் எடுத்துவிட்டார். அப்பா விருட்டென்று எழுந்தார். யாரும் இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது, அது எங்க பொண்ணு ரூம், அதுல கை வைக்கிற வேலை வேண்டாம், நீங்க கிளம்புங்க என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடமே ஸாரி சொல்கிற ஆள்! கேபிள்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், போனையும் எடுப்பதில்லை. வசனம் பேசியது அப்பா, வேலை வந்து விழுந்தது என் தலையில்.

அவர் ஏன் அப்படிப் பேசினார் என்று உனக்கே தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நீ போனில் சொன்னாய், வேலை நிரந்தரமாயிடுச்சும்மா, இனிமே நான் அங்க வந்து தங்கப் போறதில்ல, ரூமை ஏன் சும்மா பூட்டி வெச்சிருக்கீங்க, உன் தையல் மெஷினைத் தூக்கி அங்க போட்டுக்கோ என்று. நல்ல மனதோடுதான் சொன்னாய். மெஷின் இருக்கிற இடத்திலேயே நல்லாத்தான் ஓடுது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அன்றைக்குச் செய்தி வாசித்தவருக்கு மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகத் திட்டு விழுந்தது.

சரி, ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவளுக்கு ஒரு வயர் என்ன பெரிய கம்பசூத்திரமா என்று கடையில் புது வயர் வாங்கி வந்தேன். அப்பா மேற்பார்வை. டிவி பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்றேன், கேட்காமல் மெயினையே அணைத்துவிட்டார், ஃபேன் நின்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. டார்ச்சைப் பிடிங்க என்றால் வயரைத் தவிர எல்லாவற்றிலும் அடித்தார், முக்கால்வாசி என் கண்ணில். நான் இன்ச் டேப்பால் பரணிலிருந்து உன் அறை வரை அளந்து, மடிப்புக்கு விடுகிற பழக்கத்தில் தாராளமாக நீளம் விட்டு வெட்டினேன். எதுக்கு இவ்வளவு, கொடி கட்டித் துணி காயப்போடப் போறியா என்றார். முனையைச் சீவ என் துணிக் கத்தரியையே எடுத்தேன், நீ அதால் ஒருதரம் காகிதம் வெட்டியதற்கு என்ன கத்து கத்தினேன், நினைவிருக்கிறதா? கறுப்புத் தோலுக்குள் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை, அதற்குள் வெள்ளைப் பிளாஸ்டிக், நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பி. அந்த வலை இழை இழையாகப் பிரிந்து தொங்கியது. பிசிறு தொங்கினால் எனக்குப் பொறுக்குமா? எல்லா இழையையும் கூட்டி நடுக் கம்பியோடு சேர்த்து அழகாக முறுக்கி, மேலே கனெக்டரை மாட்டினேன்.

மெயினைப் போட்டதும் ஃபேன் ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது, ஹாலில் அதுவரை வந்துகொண்டிருந்த பாதி முகமும் போயே போச்சு. கேபிள்காரர்கிட்ட ஸாரி சொல்லிடலாமா என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்! குப்பைக் கூடையிலிருந்து பழைய வயரின் முனையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் வலையை வெளிப்பக்கமாக மடித்து விட்டிருந்தார்கள், நடுக் கம்பியை அது தொடவே இல்லை. அட கடவுளே, நான் பிசிறு என்று நினைத்தது உள்ளிருப்பதைக் காக்கிற லைனிங்! ஒரே தோலுக்குள் இருந்தாலும் இரண்டும் முட்டிக்கொள்ளக் கூடாது, உன் அத்தையும் நானும் மாதிரி. பிரித்துத் திரும்பச் செய்தேன். செய்தி வாசிக்கிறவர் மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

அதோடு விட்டோமா? உன் அறையில் படம் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா, வம்பே அந்த லைனுக்காகத்தானே. அங்கே இப்போது டிவி கிடையாது, அதனால் ஹால் டிவியையும் செட்டாப் பாக்ஸையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, நீ தள்ளு, நீங்க தள்ளுங்க என்று கத்திக்கொண்டே உன் மேஜையில் வைத்தோம். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ரெண்டு நிமிஷம் பார்ப்போம் என்று உன் கட்டிலில் உட்கார்ந்தோம். செய்தி முடிந்தது, என் தொடர் ஆரம்பித்து அதுவும் முடிந்தது, ரெண்டு பேருக்கும் எழுந்திருக்க மனமில்லை. டிவி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது சும்மா கிடப்பது ஹால் வயர்தான். ரூமை உபயோகிங்க என்றாயே, உபயோகிக்கிறோம், திருப்திதானே? அப்பா தலைமாட்டில், நான் கால்மாட்டில். நடுவில் நீ காலை மடக்கி உட்காருகிற இடத்தில் யாரும் உட்காருவதில்லை, பேசி வைத்துக்கொள்ளவில்லை, அப்படி ஆகிவிட்டது. ரிமோட்டை அங்கே போட்டு வைக்கிறோம்.

வேலைதான் முக்கியம், நீ அங்கேயே இருந்து நன்றாக வா. எனக்குக் கோபமில்லை, வருத்தம் உண்டு, அது என் பாடு. ஆனால் லீவு கிடைக்குமான்னு தெரியலம்மா என்றாயே, கேட்டாயா? கேட்காமல் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? நீ வந்தால் டிவியை எந்த மூலைக்குத் தள்ளச் சொன்னாலும் வயர் எட்டும், வளருகிற பிள்ளைக்குத் தைக்கிற சட்டை மாதிரி உள்ளே நிறைய விட்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், நூறு வருஷம் நல்லா இரு என் தங்கமே, லீவு கேட்க மறக்காதே.

உன் கட்டிலின் கால்மாட்டிலிருந்து,
அம்மா

அப்பா எட்டிப் பார்த்து எழுதச் சொன்னது: பரணில் அவர் வைத்த பொறியில் வயரைக் கடித்த சுண்டெலி மாட்டிவிட்டதாம். இன்னொரு சுண்டெலிதான் பாக்கி, அதுக்கு என்ன வெச்சா வரும்னு அதையே கேளு என்கிறார்.