பாறையில் காய்ந்த டிக்கெட்

நேற்று கடையில் கேமரா மாட்டச் சென்னையிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தான். ஏணியில் ஏறியவன் இரண்டே நிமிடத்தில் இறங்கிவிட்டான். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, "சார், உள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டான். நானும் மூலை மூலையாக மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துக் கோடவுனில் உப்பு தடவிய பச்சைத்தோல் லோடு இறங்குகிறது என்பது வாசலில் நின்ற லாரியைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

"ஒண்ணும் இல்லப்பா, தோலு" என்றேன்.

"இது ஒண்ணும் இல்லயா சார்?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகம் சுருங்கியது. பாண்டிச்சேரியில் ஒரு லாட்ஜ் வாசலில் நாம் மூன்று பேரும் பையும் ஸ்டவ்வுமாக நின்ற காலைப்பொழுது ஞாபகம் வந்தது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அந்தக் கதை தெரிந்தவர்கள் இனி நானும் நம் மகள் ஷாலினியும்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்குத் தெரிந்தது பாதிக் கதை.

அமெரிக்காவில் பேங்குகள் விழுந்த சமயம். அங்கே பேங்க் விழுந்தால் ஆம்பூரில் எதற்குத் தையல் மெஷின் நிற்க வேண்டும் என்று நம் தெருவில் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் நின்றது. நீ வேலை பார்த்த ஷூ கம்பெனியில் முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். அடுத்து ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். கடைசியில், இருபது நாள் ஷட்டவுன் என்று கேட்டில் காகிதம் ஒட்டினார்கள். சம்பளம் கிடையாது. என் பிழைப்போ அந்தக் கம்பெனிகளின் பின்னால் ஓடுகிற பிழைப்பு. ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுத் தோலை எடைக்கு வாங்கி, பெல்ட்டும் பர்ஸும் செய்கிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தேன். அங்கே வெட்டினால்தானே எனக்குத் துண்டு விழும்? இரண்டு மாதமாகக் கடையைத் திறப்பதும் பெருக்குவதும் மூடுவதுமாக இருந்தேன்.

அப்போதுதான் கல்கத்தாவில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கோடவுன் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தெரிந்த புரோக்கர் ஒருவர் சொன்னார். தங்க இடமும் மாதச் சம்பளமும் உண்டு. இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். நான் போய்விடுவது, நீ ஷாலினியைக் கூட்டிக்கொண்டு கலவை ஊரில் உன் அம்மா வீட்டில் இருப்பது, ஆம்பூர் வீட்டைக் காலி செய்வது. இதை உன்னிடம் சொன்னபோது நீ ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாய். கை நிற்கவில்லை.

"எப்ப முடிவு பண்ணணும்?"

"அவசரம் இல்ல. யோசிக்கலாம்" என்றேன்.

"அப்ப மூணு நாள் எங்கியாவது போய்ட்டு வர்லாம். பொண்ணு இன்னும் கடலே பாக்கல. வந்து ஒக்காந்து பேசுவோம்."

"வேலையே இல்லாத நேரத்துல டூரா? பைத்தியமா ஒனக்கு?"

"வேல இருந்தா எந்த சூப்பர்வைசர் எனக்கு மூணு நாள் லீவு குடுப்பான்? கம்பெனியே குடுக்குதுய்யா. வாங்கிக்க."

மற்றவர்கள் முன்னால் 'நீங்க, வாங்க' என்பாய். வீட்டுக்குள் 'யோவ்'தான். அந்த 'யோவ்'வை எதிர்த்து நான் ஜெயித்ததில்லை.

டூருக்கு நீ திட்டம் போட்டது, தையல் லைனுக்கு டார்கெட் போடுவது போல இருந்தது. வெளியே டீ தவிர எதுவும் வாங்கக் கூடாது. முதல் வேளைக்குப் புளிசாதம், அதற்கப்புறம் பம்ப் ஸ்டவ்வும் அரிசியும் பருப்புப் பொடியும், மூன்றாம் நாள் என்ன மிஞ்சுகிறதோ அது. தங்குவதற்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே ரூம். போகிற செலவு மட்டும் இடித்தது. அதற்கும் நீயே வழி கண்டுபிடித்தாய். எதிர் வீட்டு சலீம் பாய் வாரம் ஒரு முறை பாண்டிச்சேரிப் பக்கம் போய் உப்புத்தோல் ஏற்றி வருவார். போகும்போது வண்டி காலிதானே?

"வாங்க பாபி! நம்ம வண்டி ஃபுல் ஏசி. நாலு பக்கமும் காத்து வரும்" என்றார் பாய், உன்னை அண்ணி முறை வைத்து.

"டிக்கெட் எவ்ளோ பாய்? தோலு ரேட்டா, ஆளு ரேட்டா?"

"ஒங்களுக்குத் தோலு ரேட்டே போடறேன். அதுலயும் உப்பு எடைய கழிச்சுடறேன்!"

நீங்கள் இரண்டு பேரும் முன்னால் பாய் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான் பின்னால் பைகளோடு கோணியை விரித்துப் படுத்துக்கொண்டேன். விடிவதற்கு முன் கிளம்பி ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் தாண்டிப் போனோம். எத்தனை வருடமாக அந்த வண்டி தோல் ஏற்றுகிறது, அதன் பலகையில் என்னென்ன ஊறியிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோல் ஊரில் பிறந்தவனுக்கும் தோல் ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்கும் அந்த விஷயத்தில் மூக்கே கிடையாது.

முதல் லாட்ஜில் மேனேஜர் பேனாவைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். "மூட்டைல இன்னா, கருவாடா?" என்றார்.

"கருவாடா? துணிங்க சார்" என்றேன்.

"ரூம் இல்ல."

பின்னால் பலகை நிறையச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது லாட்ஜில் காரணமே சொல்லவில்லை, கையால் வெளியே காட்டினான். எனக்குக் காது சூடேறியது. நம் துணியைப் பார்த்து, நம் ஸ்டவ்வைப் பார்த்து இளப்பமாக நினைக்கிறார்கள் என்று எண்ணினேன். நீ அப்படி எண்ணவில்லை. ரோட்டோரம் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் நேராகப் போய் நின்றாய்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. எங்க மேல நாத்தம் அடிக்குதா?"

அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நீ அந்த முக்குல திரும்பறப்பவே அடிச்சுது கண்ணு. மாடு செத்த வீடா?"

நீ பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. ஷாலினியும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும் மானம் போன மாதிரி இருந்தது. "வா, அடுத்த பஸ்லயே ஊருக்குப் போய்டலாம்" என்றேன்.

"நாத்தத்த எடுத்துக்கினு ஊருக்கா? அங்க எவனுக்குத் தெரியப்போவுது? நட, கடல் எந்தப் பக்கம்?"

கடற்கரையில் அந்தக் கருப்புப் பாறைகள் சரிகிற இடத்தில் நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பைகளைக் கவிழ்த்தாய். என் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "போ, பொண்ணோட போய் முங்கு" என்று விரட்டினாய். ஷாலினி முதல் அலைக்கு அலறினாள். இரண்டாவது அலைக்கு என் கையை உதறிவிட்டாள். மேலே சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் உன்னோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது காற்றில் கேட்டது.

"ஏம்மா, இது என்ன ஆத்தங்கரையா? துணி தொவைக்கிற?"

"கடலுன்னு தெரியும் சார். சோப்பு போட்டா நொரையே வர மாட்டேங்குது, அதான் டைம் ஆவுது. அஞ்சு நிமிசம் சார்!"

நான் பாறைமேல் ஏறி வந்தேன். துணிகளை வரிசையாக விரித்துப் போட்டிருந்தாய். ஷாலினியின் பாவாடைக்கும் என் லுங்கிக்கும் நடுவில், நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்து, ஒரு ரயில் டிக்கெட் காய்ந்துகொண்டிருந்தது.

அது காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு நான் வாங்கிய டிக்கெட். அடுத்த வியாழக்கிழமைக்கு. பர்த் கிடைக்காமல் போய்விடுமே என்று, உன்னிடம் 'யோசிக்கலாம்' என்று சொல்வதற்கு முந்தின நாளே வரிசையில் நின்று வாங்கியது. வியாபாரத்தில் அது என் பழக்கம். சரக்கை முதலில் கைக்குள் மடக்கிவிட்டுத்தான் பேரம் பேசுவேன். அதையே வீட்டிலும் செய்தேன். பாக்கெட்டைத் துழாவாமல் நீ எந்தத் துணியையும் நனைத்ததில்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மறந்திருக்கிறாய்.

போலீஸ்காரர் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி வைத்தாய்.

"ஹவுரான்னு போட்டுக்குது. கல்கத்தாவும் அதுவும் ஒண்ணுதானா?"

"ம்."

"வாங்கிட்டு எதுக்கு என்னைக் கேட்ட?"

"சொன்னா நீ அழுவ."

"அழுவேன்தான். வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதிருக்கலாம். இப்ப நான் மட்டும் அழுவணும்." ஒரு கூழாங்கல்லை நகர்த்தி வைத்துவிட்டு, "நீ போறது வேற. முடிவு பண்ணிட்டு என்னைக் கேக்காத. அது கேக்கறது இல்ல" என்றாய்.

ஆனால் நீ அழவில்லை. டிக்கெட் காய்ந்ததும் மடிக்காமல் என் கையில் கொடுத்தாய். "பத்திரமா வெச்சுக்க" என்றாய். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. கிழித்துக் கடலில் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டுவிட்டு வியாழக்கிழமை ரயில் ஏறியிருப்பேன்.

மத்தியானம் ஒரு லாட்ஜில் இடம் கிடைத்தது. அந்த மேனேஜரும் மோந்துதான் பார்த்தார். "உப்பு வாசனதான். பரவால்ல" என்றார். நீ குளியலறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்தாய். ஷாலினி ஜன்னலில் நின்று பஸ்களின் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

மறுநாள் காலை டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி நேராக ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னய்யா இது, அப்பளம் மாதிரி வெச்சிருக்க?" நம்பர் தெரிந்ததால் எடுத்துக்கொண்டார். பிடித்தது போக மீதியைக் கொடுத்தார். வாசல் தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. இதையும் உன்னைக் கேட்காமலேதான் செய்திருக்கிறேன். நடந்து வந்து அதையே உன்னிடம் சொன்னேன்.

"கேன்சல் பண்ணிட்டேன். இதுக்கும் உன்ன கேக்கல."

"எவ்ளோ புடிச்சான்?" என்றாய். தொகையைச் சொன்னேன். "அடப்பாவி!" என்று வாயில் கை வைத்தாய். பிறகு, "இது மட்டும் போனாப் போவுது. அடுத்தது கேட்டுட்டு செய்" என்றாய்.

அந்த மீதிப் பணத்தில் மெஸ்ஸில் மீன் சாப்பாடு. இறால் தொக்கு தனியாக. மூன்று நாளில் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே சாப்பாடு. உன் இலையில் இருந்த இறாலையெல்லாம் ஷாலினிக்குத் தள்ளினாய். அவள் தின்ற வேகத்தைப் பார்த்துப் பரிமாறுகிறவர் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார். அப்புறம் நம் வீட்டில் எந்த வீண்செலவு செய்தாலும் அதற்குப் பெயர் 'கல்கத்தா சாப்பாடு'.

திரும்பி வந்த பிறகு நாம் கஷ்டப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏழெட்டு மாதம் இழுத்தது. உன் கம்பெனி திறந்தது, பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள், நீ அதில் இல்லை. கடையில் கிடந்த துண்டுகளை நீ தரையில் உட்கார்ந்து நிறம் வாரியாக, கனம் வாரியாகப் பிரித்தாய். அப்படிப் பிரித்த சரக்குக்கு இரண்டு மடங்கு விலை உண்டு என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கு இருக்கிற இரண்டு கோடவுனும் அந்தத் தரையில் தொடங்கியவை.

காசு வந்தது, ஆனால் டூர் போகவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. நீ மூணாறு என்பாய், நான் சீசன் முடியட்டும் என்பேன். "எந்த வருசத்து சீசன்யா?" என்பாய். ஒன்றில் மட்டும் வார்த்தை தவறவில்லை. கோடவுன் வாங்கியது, ஷாலினி கல்யாணம், எல்லாம் உன்னைக் கேட்ட பிறகுதான். லாரி வேண்டாம் என்றாய், வாங்கவில்லை. அதில் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

ஆனால் என்னைவிட நீதான் அந்த வார்த்தையைக் காப்பாற்றினாய். உன் கடைசி மாதங்களில், வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டாவது ஆபரேஷன் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். உன் உடம்பு, உன் வலி, நீயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "எனக்கு வேணாம்னு தோணுது. நீ இன்னா சொல்ற?" என்றாய். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும், கேட்க வந்த டாக்டரிடம், "அவர் இன்னும் சொல்லல சார், இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, சரி, வீட்டுக்குப் போகலாம் என்றேன். அப்போதுதான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

இப்போது மறுபடியும் ஆர்டர் நின்றிருக்கிறது. கம்பெனிகள் நாள் விட்டு நாள் ஓடுகின்றன. ஷாலினி பெங்களூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "போதும்பா. கடைய குடுத்துட்டு இங்க வந்துடு. ஒனக்குன்னு தனி ரூம் இருக்கு" என்கிறாள். கடையைக் கேட்டு ஒருவர் இரண்டு முறை வந்து போனார். நல்ல விலைதான் சொல்கிறார். கை குலுக்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

நான் கை கொடுக்கவில்லை. அவளிடம் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன் செய்வாள். நான் இன்னும் ஒரு முடிவும் எடுக்கவில்லை. போகலாமா, இருக்கட்டுமா, நீ இன்னா சொல்ற?