சிக் லீவ் சீட்டு

ராயக்கோட்டை
3.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் போனை எடுக்காததால் உங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ஆஞ்சப்பன் அண்ணனிடம் இந்தக் கடிதத்தையும் மிளகு ரசத்தையும் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு ஞாயிறாக வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் லீவ் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறீர்கள். முதல் சீட்டில் ‘சிக்’, அடுத்ததில் ‘இல்’. மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள் நான். சிக் என்றால் இரண்டு நாள் காய்ச்சல், வாந்தி. இல் என்றால் படுத்த படுக்கை. இதில் எது உங்களுக்கு?

உங்கள் மேகலா

போச்சம்பள்ளி
5.6.2025

அன்பு மேகலா,

வெறும் காய்ச்சல்தான். தொண்டை கட்டியிருப்பதால் பேச முடியவில்லை. சீட்டு எழுதுகிறவர்கள் கைக்கு வந்ததை எழுதுவார்கள். ரசம் நன்றாக இருந்தது. நீ இங்கே வர வேண்டாம், ரூமில் ஆட்கள் அதிகம்.

திருமலை

ராயக்கோட்டை
6.6.2025

மாமா,

தொண்டை கட்டினால் எழுத்துமா மாறும்? குண்டு குண்டாக, அழகாக இருக்கிறது. யார் அவள்? ஆஞ்சப்பன் அண்ணனைக் கேட்டால், “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். நின்று நாலு வார்த்தை பேசாமல் போகாத மனுஷன். ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. உண்மையைச் சொல்வதாக இருந்தால் வாருங்கள். இல்லையென்றால் இனி வரவே வேண்டாம்.

மேகலா

போச்சம்பள்ளி
8.6.2025

மேகலா,

இடது கையால் எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும். போன கடிதம் ரூமில் இருக்கும் முத்துக்குமார் எழுதியது. மே 24ஆம் தேதி பிரஸ் மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது.

கேட்டில் ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று போர்டு உண்டு. அன்றைக்கு 346. சீட்டில் ‘இன்ஜுரி’ என்று எழுதினால் அது சைபராகிவிடும். 365 வந்தால் எங்கள் லைனில் எல்லோருக்கும் குக்கர். “இருவது நாளுதாண்ணா, சிக்குன்னு போட்டுக்கலாம்” என்று பசங்கள் கெஞ்சினார்கள். கைநாட்டு வைத்துவிட்டேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

திருமலை

ராயக்கோட்டை
9.6.2025

மாமா,

வேறொருத்தி இருக்கிறாள் என்று நினைத்து மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இப்போது, அதுவே நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்று அழுகிறேன். விரலாவது இருந்திருக்கும்.

காய்ச்சல் என்று எழுதிவிட்டால் நாளைக்கு அந்தக் கைக்கு யார் பதில் சொல்வார்கள்? நாளைக் காலை ஆஞ்சப்பன் அண்ணன் பஸ்ஸிலேயே வருகிறேன். ‘சிக்’கை அடித்துவிட்டு ‘இன்ஜுரி’ என்று எழுதித் தரும்வரை கேட்டை விட்டு நகர மாட்டேன். போர்டில் 363 இருந்தாலும் சரி, 364 இருந்தாலும் சரி.

உங்கள் பசங்களிடம் சொல்லிவையுங்கள். நம் வீட்டில் ஏற்கெனவே குக்கர் இருக்கிறது.

உங்கள் மேகலா