உப்பு வெந்நீரில் கால்

1972 ஆடி, புதன்கிழமை இரவு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் கொழுந்து பறிக்கப் பேர் கூப்பிடும்போது நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். தங்கச்சி ராசம்மா குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை பதுளையில் ரயிலேறி, அப்புறம் கப்பலேறி, ஒரேயடியாக இந்தியாவுக்கே போகிறாள். அது தெரிந்ததிலிருந்து இரவில் கண் மூடுவதில்லை. படுக்குமுன் உப்புப் போட்ட வெந்நீரில் கால்களை வைத்து, மூச்சை மெல்ல விடச் சொன்னார் தோட்டத்து மருந்தையா.

அப்படி உட்கார்ந்திருந்தபோது அவளே வந்தாள்.

"என்னாக்கா பண்றே?"

"மனசக் கழுவுறேன்டி."

"அது கால்லயா இருக்கு?"

"நீ போறேன்னதும் அங்க எறங்கிருச்சு."

எப்போதும் சிரிப்பவள், சிரிக்காமல் திரும்பினாள். எட்டிக் கையைப் பிடித்து இழுத்தேன். கால் வைத்திருந்த பேசின் கவிழ்ந்தது. தண்ணீரெல்லாம் என் வீட்டுக்காரர் படுத்திருந்த பாய்க்கு அடியில் போயிற்று.

"மழையா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"ஆமாங்க" என்றேன்.

நகர்ந்து படுத்தார்.