செலக்‌ஷனுக்கு ஒரு வண்டி

14-9-2005, புதன்

வாணியம்பாடியிலிருந்து தோல் சரக்கு வந்தது. நாற்பது டஜன். பாதிக்கு மேல் உண்ணிக்கடி. மூன்றாம் தரத்துக்குத் தள்ளினேன். கொண்டுவந்தவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். உண்ணியை நானா வளர்த்தேன்?

மத்தியானம் ஜியாவுல்லா சார் கூப்பிட்டார். இவர் அப்பா, பெரியவர், மௌத்தானதிலிருந்து கம்பெனி இவர் கையில். முப்பத்தொரு வயது. உட்காரச் சொன்னார். அதுவே புதிது.

"மாஸ்டர், செலக்‌ஷனுக்கு ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன். ராணிப்பேட்டை, வாலாஜான்னு பஸ்ல அலையறது இனிமே வாணாம். சின்ன வண்டி, ஆனா நல்லா ஓடணும். நீங்களே போய்ப் பாத்து நல்லது கெட்டது எழுதிக் குடுங்க. உங்க கண்ண விட எனக்கு வேற கண்ணு ஏது?"

செலக்‌ஷன் என்றால் இந்தக் கம்பெனியில் நான்தான். இருபத்துநாலு வருஷமாகத் தோலை மேசையில் விரித்து, விரலால் தடவி, இது முதல் தரம், இது கழிவு என்று சொல்கிறவன் நான். வெளியூர் போய்ச் சரக்கு பார்க்கிறவனும் நான். பஸ்ஸில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு.

இப்போதாவது தோன்றியதே.

15-9, வியாழன்

வீட்டுக்காரி தேவகிருபையிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து, வேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான்னு வாயத் தொறந்து சொன்னாரா?"

"செலக்‌ஷனுக்குன்னார். செலக்‌ஷன்னா வேற யாரு?"

"சரி, சரி. கேட்டேன், அவ்ளோதான்."

எதற்கெடுத்தாலும் சந்தேகம். நர்ஸ் வேலை பார்த்துப் பார்த்து யாரைக் கண்டாலும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற குணம் வந்துவிட்டது.

17-9, சனி

வேலூர் ஷோரூம். கறுப்புக் கால்சட்டை போட்ட பையன் ஒருவன் மூன்று வண்டி காட்டினான். முதலிரண்டும் குடும்ப வண்டிகள். சாதுவானவை. மூன்றாவது சிவப்பு. குட்டையாக, முன்பக்கம் குனிந்து, பாயப்போகிற மாதிரி நின்றது. "இது ஸ்போர்ட்டி மாடல் சார், யங்ஸ்டர்ஸ்தான் கேப்பாங்க" என்றான். ஐம்பத்திரண்டு வயதுக்காரனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். கம்பெனி வேனில் கற்றுக்கொண்டது, மறக்கவில்லை. அமிர்தி ரோட்டில் விட்டேன். வளைவுகளில் வண்டி தரையை விடவேயில்லை. ஸ்டியரிங்கை நினைத்தால் போதும், திரும்பியது. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஒரு மிதி — முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த பையன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியில் உட்கார்ந்து நான் சிரித்து எத்தனை வருஷம்!

18-9, ஞாயிறு

உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்க்கிறேன். இது எனக்கு மட்டும்.

இழுவை, பிரேக், வளைவில் பிடிப்பு — மூன்றும் முதல் தரம். இந்த விலையில் இப்படி ஓடுகிற சின்ன வண்டி வேறு இல்லை. சீட் தையல், கதவு சாத்துகிற சத்தம், பெயின்ட், எல்லாம் சுத்தம்.

ஆனால் அடிப்பக்கம் தாழ்வு. கையை வைத்துப் பார்த்தேன், ஒரு சாண் இல்லை. நம் தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போகிற பாதையில் கல்லும் பள்ளமும் தவிர வேறென்ன இருக்கிறது? டிக்கி சின்னது. ஒரு சாம்பிள் கட்டுகூட முழுசாகப் போகாது. பின்சீட்டில் இரண்டு பேர் முட்டி இடிக்க உட்காரலாம், மூன்றாமவர் நடந்து வரவேண்டும். ஸ்பிரிங் விறைப்பு. பள்ளத்தில் இறங்கினால் பல் ஆடுகிறது.

தோலாக இருந்தால் இரண்டாம் தரம். அதுவும் தயவு பார்த்து.

22-9, வியாழன்

எங்கள் வேலையில் நல்லதை எழுதுகிற வழக்கமே இல்லை. குறை இருக்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவோம். வட்டம் இல்லை என்றால் நல்ல தோல் என்று அர்த்தம்.

சாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சிவப்பு வண்டிக்கு ஒரு பக்கம் நிறைய நல்லது. கீழே, "பாதகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை." அடிப்பக்கத்தை எழுதவில்லை. டிக்கியையும் எழுதவில்லை.

பள்ளத்தில் மெதுவாக இறக்கினால் போயிற்று. ஓட்டப்போகிறவன் நான். கட்டைப் பின்சீட்டில் போட்டுக்கொள்வேன். எனக்கு வசதிக் குறைவு என்றால் மற்றவர்களுக்கு என்ன வந்தது?

இருபத்துநாலு வருஷத்தில் பழுது தெரிந்து நான் பாஸ் பண்ணிய முதல் சரக்கு. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள்.

25-9, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே சார் சொல்லிவிட்டார்: "சிவப்பையே புக் பண்ணிட்டேன் மாஸ்டர். நோன்பு ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடும்." அதனால் இன்று சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். கவரின் மேல் "புதிய வாகனத்திற்காக — ஏசுராஜ், தேவகிருபை குடும்பத்தார்" என்று நானே எழுதினேன். போதகர் ஐயர் அறிவிப்பு நேரத்தில் நிறுத்தி, நிதானமாக வாசித்தார். பெண்கள் பக்கமிருந்து எல்லோரும் தேவகிருபையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையை நிமிர்த்தவில்லை. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

வீட்டில், "வண்டி வந்தப்புறம் வெச்சிருக்கலாம்" என்றாள். கர்த்தர் கொடுக்கும் முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று பிரசங்கம் பண்ணினேன்.

3-10, திங்கள்

வண்டி வந்தது. மாலை போட்டு கேட் பக்கம் நின்றது.

சார் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு பையன். சென்னையில் தோல் டெக்னாலஜி படித்தவன். இருபத்தாறு இருக்கும். "மாஸ்டர், இவர் ஜோவின். இன்னைலேருந்து செலக்‌ஷன் மேனேஜர். வெளிய சரக்கு பாக்கறது எல்லாம் இவரு. நீங்க உள்ள டேபிள்ல நிம்மதியா இருங்க. வயசான காலத்துல எதுக்கு அலைச்சல்?"

சாவியை அவன் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் நின்றால் கேட்பார்களே.

"சூப்பர் வண்டி சார், யாரு செலக்ட் பண்ணது?" என்றான் ஜோவின்.

"நம்ம மாஸ்டர்தான்."

"தேங்ஸ் மாஸ்டர்" என்று கையைக் குலுக்கினான். நல்ல பையன்தான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

4-10, செவ்வாய்

லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். தேவகிருபை நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

16-10, ஞாயிறு

சபை வாசலில் மூன்று பேர் கேட்டார்கள். "இன்னா பிரதர், வண்டி எங்க? வெளிய எடுக்கறதில்லையா?" சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றேன். புது வண்டிக்கு என்ன சர்வீஸ் என்று யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் கேட்கவில்லையா, தெரியாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான். அதையும் கவரில் போட்டு, பேர் எழுதி, வாசிக்க வைத்தேன்.

திரும்பி வரும்போது தேவகிருபை சொன்னாள்: "நமக்கில்லன்னு ஐயர்கிட்ட நானே சொல்லிட்டேன், போன வாரமே. பொய் சொல்லாதீங்க." ஐயரிடம் சொன்னால் சபைக்கே சொன்ன மாதிரி. ஆக, கேட்ட மூன்று பேரும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார்கள்.

22-11, செவ்வாய்

ஒரு வாரமாக மழை. வாலாஜாபேட்டையில் பெரிய லாட், நீங்களும் வாங்க என்று ஜோவின் கூட்டிப் போனான். எனக்குப் பின்சீட்டு. முன்சீட்டில் சாம்பிள் கட்டு, டிக்கியில் போகவில்லை. முட்டி முன்சீட்டில் இடிக்க, ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணிக்கொண்டு போனேன்.

"டிக்கி ரொம்பக் கம்மி மாஸ்டர். அப்ப தெரியலியா?" என்றான். வெகுளியாகத்தான் கேட்டான். மழைச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

1-12, வியாழன்

எழுதவா வேண்டாமா? எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நேற்று ஷாப் பாதையில், தண்ணீருக்கடியில் கிடந்த கல்லில் வண்டியின் வயிறு அடிபட்டது. ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது. ஜோவினிடம் இருந்த சாம்பிளுக்காக, தோல் வாங்க வந்த ஜெர்மன்காரர் நாலு மணி நேரம் காத்திருந்து கிளம்பிப் போய்விட்டார்.

இன்று சார் என் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். ஜோவின் இருந்தான், அக்கவுன்ட்ஸ் ஆட்கள் இருந்தார்கள்.

"மெக்கானிக் சொல்றான், இந்த ரோட்டுக்கு இது ஆகாத வண்டின்னு. பாதகம் ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அடிய பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா எழுதல?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அவசரத்தில் விட்டுப்போச்சு என்றால் நம்பியிருப்பார். வாயில் வந்தது இதுதான்: "எனக்குன்னு நெனச்சேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஜோவின் தரையைப் பார்த்தான். சார் பேப்பரை நாலாக மடித்தார். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரி கேட்டார்:

"அப்ப உங்களுக்கு வேணும்னு இருந்தா, பழுது இருந்தாலும் பாஸ் பண்ணிடுவீங்களா மாஸ்டர்?"

பதில்தான் நாலாக மடித்து அவர் கையிலேயே இருக்கிறதே.

9-1-2006, திங்கள்

புது ஏற்பாடு இன்று ஆரம்பம். நான் தரம் பிரித்து அடுக்கிய கட்டுகளை ஜோவின் எதிர் மேசையில் பிரித்து, ஒவ்வொன்றாக மறுபடி விரித்துப் பார்க்கிறான். "சார் சொன்னார் மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். சாயங்காலம்வரை ஒரு தோலைக்கூட அவன் மாற்றவில்லை. மாற்றவில்லை என்பதற்காகப் பார்ப்பதை நிறுத்தவுமில்லை.

அவன் இடத்தில் நான் இருந்தாலும் விரித்துத்தான் பார்ப்பேன்.