மதினியின் ஷாம்பு கட்டி

செவ்வாய், இரவு.

இந்தக் கட்டியைப் போட்டும் என் தலையில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்பதை மதினியிடம் இன்றும் சொல்லவில்லை. அண்ணன் சிரித்தாலும், அவள் வீட்டிலேயே ஷாம்பு கட்டி செய்து விற்கத் தொடங்கிவிட்டாள். முதல் ஆளாகப் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி வந்தார்.

"இவ தலையத் தொட்டு நோக்குங்க சேச்சி. முன்ன பொரிச்ச அப்பளம் மாதிரி எண்ணெயா மினுங்கும்!" என்றாள் மதினி.

காலையில்தான் பொறுக்க முடியாமல் கடைப் பாக்கெட் ஷாம்பு போட்டுக் குளித்திருந்தேன்.

சேச்சி என் முடிக்குள் விரல் விட்டார். "கொள்ளாமல்லோ மோளே, நல்ல பஞ்சு போலே!"

குறை கட்டியிலா, எங்கள் தெருவின் உப்புத் தண்ணீரிலா, என் தலையிலா? சேச்சியும் இதே தண்ணீரில்தானே குளிக்கிறார்? மதினியின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் கட்டியைச் சுற்றித் தரத் தாள் எடுத்தேன்.

சேச்சி மகளுக்கும் சேர்த்து இரண்டு வாங்கிப் போனார்.