கதவுக்குக் கீழே சீமெந்து

அன்புள்ள அத்தான்,

உங்கள் காரின் கதவுக்குக் கீழே இருந்த தகட்டை இன்று வெட்டி எடுத்துவிட்டேன். பாயில் கிடந்தபடி நீங்கள் என்னிடம் கேட்ட கடைசி வேலை அது. இத்தனை வருசம் கழித்துச் செய்திருக்கிறேன். ஏசுங்கள் என்றாலும் ஏச மாட்டீர்கள், உயிரோடு இருந்தபோதும் உங்களுக்கு அது வராது.

உங்கள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கோயிலுக்கு அப்பாவின் காரில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். மாமரத்தடியில் நின்ற காரை அக்கா உழவு மெசினில் கட்டிச் செங்கலடிக்கு, என் கராஜுக்கு அனுப்பிவிட்டாள். "தம்பி, துருப்பிடிச்ச இடமெல்லாம் வெட்டிப்போட்டு நல்ல தகடு வை. அத்தான்ட கார், வடிவா ஓடோணும்" என்றாள் போனில். நான் ஓம் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள், அதனால் தப்பினீர்கள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கல்லடியில் வீடு இல்லை. கார் மட்டும் ஒரு தென்னையில் சாய்ந்து கிடந்தது. உப்புப் போகட்டும் என்று கிணற்றில் அள்ளி அள்ளி அதைக் கழுவினீர்கள். கிணற்றுக்குள்ளும் கடல்தான் இறங்கியிருக்கிறது என்பது ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. உப்பை உப்பால் கழுவினோம். நானும் பக்கத்தில் நின்று வாளி தூக்கினேன்.

அது உங்கள் பிழை என்றால், அடுத்தது முழுக்க என் பிழை. எஞ்சின் ஓடியது, ஆனால் இரண்டாம் வருசமே கதவுக்குக் கீழே விரல் போகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். ஒன்றரை நாள் வேலை. அப்போது நிவாரணத்துக்கு வந்தவர்களின் வாகனங்கள் என் கராஜ் வாசலில் வரிசையாக நின்றன. நல்ல தகடெல்லாம் அவர்களுக்குப் போனது. சொந்தக்காரர்தானே, பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். வீடு கட்டத் தந்த சீமெந்தில் மிச்சம் இருந்தது. கம்பி வலையை உள்ளே திணித்து, சீமெந்தைக் குழைத்து அடைத்து, மேலே பட்டி பூசிப் பெயின்ற் அடித்துத் தந்தேன். "கைகாரன்டா நீ" என்று முதுகில் தட்டினீர்கள்.

சண்டை முடியப்போகிற காலம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் உங்களைக் காரிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். எட்டு நாள் கழித்து நிமிர்ந்து நிற்க முடியாமல் வந்து சேர்ந்தீர்கள். நடந்ததை என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள்.

"மச்சான், தடியால தட்டித் தட்டி வந்தானுகள். கதவெல்லாம் டங்கெண்டு கேட்டிச்சு. கீழ தட்டினா சத்தமே இல்ல, கல்லு மாதிரி. என்னத்த ஒளிச்சிருக்காய் எண்டானுகள். சீமெந்து எண்டன். காருக்குள்ள ஆரடா சீமெந்து பூசுவான் எண்டு அடிச்சானுகள். மறுகா துளைச்சுப் பாத்தானுகள், ஒண்டும் இல்ல. அப்ப முதல் வச்சிருந்தத ஆரிட்டக் குடுத்த எண்டு அதுக்கும் அடிச்சானுகள்."

நான் அழுதேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "அக்காட்டச் சொல்லிப்போடாத, உன்ட முகத்தில முழிக்கமாட்டா. புதுத் தகடு ஒண்டு வை, அது போதும்."

தெருவெல்லாம் வெடி கொளுத்திச் சண்டை முடிந்ததைக் கொண்டாடிய கிழமையில் நீங்கள் போனீர்கள். பறை மேளத்தை விட வெடிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. போகிற போக்கில் ஏன் அப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனீர்கள், அத்தான்? என்னைக் காப்பாற்றினீர்களா, கட்டிப்போட்டீர்களா? இல்லை, இதுவும் பொய். வாய் என்னுடையது. திறக்காமல் வைத்திருந்தவன் நான்தான்.

அக்கா ஒரு காரணம் தேடினாள். உங்கள் எதிர்வீட்டுப் பாலன், உங்களைப் பிடித்த அன்று காலை அதே சாவடியில் சைக்கிளோடு நின்று பேசிக்கொண்டிருந்ததை யாரோ கண்டிருந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பான், எல்லோரும் அதைத்தானே செய்தோம். "அவன்தான் காட்டிக் குடுத்தவன்" என்று அக்கா முடிவு கட்டினாள். சொல் தெருவெல்லாம் நடந்தது. பாலனின் தாய் செத்தபோது தெருவில் பாதிப்பேர் போகவில்லை. பாடை தூக்க வேறு ஊரிலிருந்து ஆள் வந்தது. நான் போயிருக்கலாம். அவன் காட்டிக் கொடுக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அன்று கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

நேற்று அக்காவோடு கல்யாணக் கார்ட் கொடுக்கப் போனேன். வெற்றிலைத் தட்டோடு வீடு வீடாக ஏறினோம். பாலனின் வாசலில் அவன் பெண்சாதி நின்றாள். எங்களைக் கண்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், வருவோம் என்று நினைத்தாள் போல. அக்கா தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். "அந்த வீட்டுக்கு என்ட செருப்பும் போகாது." நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வெட்கம் கெட்டவன்.

இன்று தகட்டை வெட்டியபோது உள்ளே இருந்து முதலில் கடல் மண் கொட்டியது. பிறகு சீமெந்து, ஒரே கட்டியாக, முழங்கை நீளத்துக்கு. அவர்கள் துளைத்த துளை நடுவில் இருக்கிறது. அதை அக்கா இத்தனை நாளும் துரு என்று நினைத்திருந்தாள். துளைக்குப் பக்கத்தில் நாலு விரல் தடம். ஈரச் சீமெந்தை நான் அழுத்திய இடம். என் கையை வைத்துப் பார்த்தேன், இன்றைக்கும் சரியாகப் பொருந்துகிறது.

புதுத் தகடு வைத்து ஒட்டியாயிற்று. தட்டிப் பார்த்தேன், டங் என்கிறது. நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன், அத்தான். நீங்கள் வேண்டாம் என்றதையும் செய்யப் போகிறேன். நாளைக் காலை அந்தக் கட்டியை அக்காவின் முன்னால் வைத்து, அந்தத் தடத்தில் என் விரல்களை வைத்துக் காட்டுவேன். அவள் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அங்கிருந்து நேரே தெருவைக் கடந்து பாலனின் வீட்டுக்கு, வெறுங்கையோடு போவேன். கல்யாணக் கார்ட் கொடுக்கும் உரிமை அதற்குப் பிறகு எனக்கு இருக்காது.

உங்கள் மகள் உங்கள் காரில் கோயிலுக்குப் போவாள், இது சத்தியம். அன்று நான் அந்தப் பந்தலில் நிற்பேனா என்பதுதான் தெரியாது.

உங்களுக்குத் தகட்டுக்குப் பதில் சீமெந்து வைத்த,
உங்கள் மச்சான் சிவம்